அவருக்கு நினைவில்லாத சனிக்கிழமை

ஜூலை 19, வெள்ளி

இன்று நிமலை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு கிழமை ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பில் இரண்டு வெடிப்பு, இடது காறை எலும்பு முறிவு, மூளை அதிர்ச்சி. இன்னும் ஆறு கிழமைக்கு இடது காலை நிலத்தில் ஊன்றக்கூடாது. தோள் பக்கம் முறிந்திருப்பதால் ஊன்றுகோலும் பிடிக்க முடியாது. சக்கர நாற்காலி, கட்டில், நான்.

எங்கள் கட்டட லிஃப்டுக்குள் நாற்காலி போனால் வேறு ஆளுக்கு இடமில்லை. அவரை உள்ளே தள்ளி நான்காம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு நான் படிகளில் ஓடினேன். கதவு திறந்தபோது மூச்சிரைக்க நின்றேன். "நீர் வெண்டிட்டீர்" என்று சிரித்தார். இந்த எட்டு வருடத்தில் அவர் என்னோடு பகிடி விட்டது எத்தனை தரம் என்று யோசித்தேன். அதிகம் வரவில்லை.

விழுந்த நாள் அவருக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை இரவு புட்டு சாப்பிட்டது நினைவிருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை. "என்ன நடந்தது?" என்று தாதிகளை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்டிருக்கிறார். வெளிக்கிடும்போது தலைமைத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டார். "திரும்பத் திரும்பக் கேட்பார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் குழம்புவார். எழுதி வைத்துக்கொண்டால் உங்களுக்கும் சுகம்" என்றார்.

அதற்காகத்தான் இந்தக் கொப்பி. அவர் ஒன்பது வயதில் சுவிஸுக்கு வந்தவர். தமிழ் கதைப்பார், வாசிக்கப் பொறுமையில்லை. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜூலை 20, சனி

நிமலுக்கு வாசிக்க:

ஜூலை ஆறாம் திகதி. காலை ஐந்தரைக்குத் தூன் நகரத்து வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்களையும் நீங்கள்தான் கட்டினீர்கள். கண்டர்ஸ்டெக்கில் காரை ரயிலில் ஏற்றி, சுரங்கத்துக்குள் பதினைந்து நிமிடம் இருட்டில் இருந்தோம். மற்றப் பக்கம் வாலிஸ் மாநிலம். வெயில்.

ஒன்பது மணிக்குக் கேபிள் கார் தொடங்கியது. கூண்டுக்கு வெளியே இருக்கும் கொளுவியில் சைக்கிள்களைத் தொங்கவிட்டு உள்ளே ஏறினோம். மேலே போகப் பன்னிரண்டு நிமிடம். சைக்கிளில் முதலாம் இறக்கம் லேசான நீலப் பாதை, உடம்பைச் சூடாக்க. மண்ணை மதில் மாதிரி அணைத்துக் கட்டிய பெரிய வளைவுகள். அதில் சைக்கிளைச் சரித்துப் போகும்போது நீங்கள் கத்தினீர்கள். சந்தோசக் கத்தல். இரண்டாவதும் மூன்றாவதும் சிவப்புப் பாதை. இரவு பெய்த மழையில் வேர்களெல்லாம் சறுக்கின. உங்கள் கைகள் விறைத்துப் போய், நடுவில் இரண்டு தரம் நின்றோம். பிரேக் கட்டைகள் எரிந்த மணம் வந்தது. கீழே புல்லில் இருந்து கட்லட் சாப்பிட்டோம்.

ஒன்றரைக்கு நான்காம் தரம் ஏறினோம். கூண்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மழை திரும்ப வருமா என்று கதைத்தோம். மேலே போனதும் நீங்கள் ஆகக் கடினமான கறுப்புப் பாதையைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். நான் பின்னால் வந்தேன். அதில் ஒரு பெரிய தாவல் இருக்கிறது. ஒரு மேட்டிலிருந்து பாய்ந்து அடுத்த மேட்டில் இறங்க வேண்டும், நடுவில் பள்ளம். அதில் விழுந்தீர்கள். நான் ஓடிவந்தேன். மீட்பு ஹெலிகாப்டர் வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

நான்கு தரம் வாசித்தேன்.

ஜூலை 24, புதன்

காலையில் உடம்பு துடைத்துவிடுவது, இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் ஊசி, தேத்தண்ணி, மருந்து, மலசலகூடம், சாப்பாடு, திரும்ப மலசலகூடம். நான் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் பூட்டியிருக்கிறது. நல்ல வேளை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அவருடைய அக்கா தேவகி மச்சாள் பாசலிலிருந்து ஆட்டுக்கறியோடு வந்தார். நான் நிமலைச் சரித்துப் பிடித்து முதுகுக்குக் கிறீம் பூசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தார்.

"சுகிர்தா, என்ர தம்பிக்குக் கடவுள் பார்த்துத் தந்த பிள்ளை நீர். வேற ஒருத்தி எண்டால் ஓடியிருப்பாள்."

நான் கறியைச் சூடாக்கினேன்.

பிற்பகல் பீல் நகரத்து நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 27, சனி

மூன்று கிழமை.

இன்று அவரைக் குளிக்க வார்த்தேன். வாளித் தண்ணீரை ஊற்றும்போது அழுதார். வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "உம்மை நான் வேலைக்காரி ஆக்கிப்போட்டன்" என்றார்.

இப்போது அவர் எதையும் 'தாரும்' என்று கேட்கிறார். முன்பெல்லாம் கையை மட்டும் நீட்டுவார். சாப்பிட்டு முடித்ததும் "நல்லா இருக்கு" என்கிறார். என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார். அம்மாவின் கண் ஆப்பரேஷனைப் பற்றி நான் ஜனவரியில் சொன்னேன், அது இன்றுதான் காதில் விழுந்ததுபோல முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

இவர் இப்படி இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பீல் ஆக்கள்... அந்தப் படிப்பு விசயமா ஏதும் சொன்னவையோ?"

"இல்லை" என்றேன்.

"ம்" என்றார். அவர் கண்ணில் ஒரு ஆறுதல் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமையோடு சேர்ந்து இதுவும் அவருக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஜூலை 31, புதன்

மருத்துவரிடம் போய்வந்தோம். எலும்புகள் பொருந்தி வருகின்றன. நினைவு திரும்பலாம், துண்டு துண்டாக வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

"நான் ஏதாவது முட்டாள்வேலை செய்தேனா?" என்று நிமல் அவரிடம் ஜெர்மனில் கேட்டார்.

"அதை நான் எப்படிச் சொல்வது? உங்கள் மனைவிதானே கூட இருந்தார்" என்றார் மருத்துவர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"சுகி, நான் கறுப்புப் பாதைக்கு ஒருநாளும் போறதில்லையே. அண்டைக்கு ஏன் போனனான்?"

"தெரியேல்லை."

"நீர் மறிக்கேல்லையோ?"

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் தலையை ஆட்டினார். தன்மேலேயே கோபப்படுவதுபோல. நான் மறித்தேன், அவர் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

குப்பை போடப் போனவள் நிலவறைக்குள் போனேன். இரண்டு சைக்கிள்களும் அங்கேதான் இருக்கின்றன. அவருடையதன் முன்சில்லு எட்டாக வளைந்திருக்கிறது. என்னுடையதில் அந்த மலையின் மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வேறொன்றுமில்லை. நல்ல சைக்கிள்.

கலியாணமாகி இரண்டாம் வருடம் எனக்கு அதை வாங்கித் தந்தார். தனியே மலைக்குப் போக அலுப்பு, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். முதல் நாள் நீலப் பாதையில் ஏழு தரம் விழுந்தேன். அவர் கீழே நின்று "பயப்பட்டுப் பிரேக்கைப் பிடிக்காதையும், விடும், விடும்" என்று கத்தினார். எட்டாம் தரம் விட்டேன். அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. மிதிகளில் எழும்பி நின்று, குதிக்காலைக் கீழே இறக்கி, தூரத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிளும் போகும். கல்லைப் பார்த்தால் கல்லுக்கு. வழியைப் பார்த்தால் வழிக்கு.

இப்போது நான் அவரைவிட வேகம். இரண்டு வருடமாக. இதை நாங்கள் ஒருபோதும் கதைத்ததில்லை. கீழே போய் அவருக்காகக் காத்திருக்கும்போது, நான் சங்கிலியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

மேலே வந்தபோது நிமல் கேட்டார்: "குப்பை போட இவ்வளவு நேரமோ?" கோபமில்லை. பயம்.

"பக்கத்து வீட்டு மனிசியோட கதைச்சனான்" என்றேன். இருபது நிமிடம் நிலவறையில் நின்றதற்கு ஒரு பொய். இந்த வீட்டில் நான் தனியே இருக்கும் இடம் குளியலறை ஒன்றுதான். அதற்கும் கதவைப் பூட்டுவதில்லை, அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றோடு ஒரு மாதம். அவர் பகல் நித்திரை. இதை அவருக்கு வாசிக்கப் போவதில்லை, ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

பீல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. மார்ச்சில் கடிதம் வந்தது. ஜெர்மன் சோதனையை மூன்று தரம் எழுதி எடுத்த இடம். நிமல் "பார்ப்பம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூலை நான்காம் திகதி, வியாழக்கிழமை, வேலைக்கு என்ன மாதிரிச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று கேட்க அங்கே போன் பண்ணினேன். கெர்பர் என்ற பெண்தான் பயிற்சிக்குப் பொறுப்பு. அவர் என் பெயரைத் திரும்பக் கேட்டார்.

"உங்கள் கணவர் மே மாதமே இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. உங்களுக்குக் குழந்தை கிடைக்கப் போவதாகச் சொன்னார். நான் வாழ்த்துக்கூடச் சொன்னேன்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வியாழன் இரவும் வெள்ளி முழுவதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. புட்டு அவித்தேன். கட்லட் பொரித்தேன். சனிக்கிழமை மூன்று இறக்கமும் இறங்கினேன். நான்காம் தரம் ஏறும்போது கூண்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அதுமட்டும் உண்மை. மழையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

"நான் பீலுக்குப் போன் பண்ணினனான்" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"அது உமக்குச் சரிவராது சுகி. பீலுக்குப் போய்வர மூண்டு மணித்தியாலம். கிழடுகளுக்குக் கக்கூஸ் கழுவவோ நான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான்?"

"பிள்ளை வரப்போகுது எண்டு சொன்னீங்களாம்."

"ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும். அந்த நேரம் பார்த்துக் கேபிள் கார் நின்றது. கீழே யாராவது ஏற முடியாமல் தடுமாறினால் அப்படி நிறுத்துவார்கள். நாங்கள் பைன் மரங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். வெளியே சைக்கிள்கள் இரண்டும் ஆடின.

"நான் போகப்போறன்" என்றேன்.

"சொன்னனான்தானே, மூண்டு மணித்தியாலம்..."

"போய்வாறதைப் பற்றி நான் சொல்லேல்லை. போறதைப் பற்றிச் சொல்லுறன்."

அவருக்கு விளங்க நேரமெடுத்தது. பிறகு 'நீர்' போய் 'நீ' வந்தது. "நீ ஆர் எண்டு நினைச்சாய்? நான் இல்லாட்டி இந்த நாட்டில உனக்கு ஒரு பஸ் ஏறத் தெரியுமோ?" நான்கு நிமிடம் நின்றது கூண்டு. இரண்டு பேரும் இரண்டு பக்கத்து ஜன்னலைப் பார்த்தோம். போவதற்கு இடமில்லை.

மேலே கதவு திறந்ததும் சைக்கிளைப் பறித்துக்கொண்டு போனார். கறுப்புப் பலகை இருந்த பக்கம். அந்தப் பாதையை அவர் ஒருநாளும் ஓடியதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் இறக்கத்திலேயே அவர் கை விறைத்துப்போனது என்றும் தெரியும். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்.

நான் கூப்பிடவில்லை.

நான் அவருக்குப் பின்னால் போகவும் இல்லை. ஓடிவந்து பார்க்கவும் இல்லை. சிவப்புப் பாதைக்குத் திரும்பினேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு இறக்கம் இறங்கியதில்லை. வேர்களில் சில்லு வழுக்கியபோதும் பிரேக்கைத் தொடவில்லை. மரப்பாலத்திலிருந்து பாய்ந்தபோது வயிற்றுக்குள் எல்லாம் லேசாகிப் போனது. கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் முகமெல்லாம் சேறு. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சத்தமாக. அங்கே நின்ற ஒரு வயதான சோடி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இருபது நிமிடம் புல்லில் படுத்திருந்தேன். கோபத்தில் எங்கேயோ நிற்கிறார் என்று நினைத்தேன். ஹெலிகாப்டர் என் தலைக்கு மேலால்தான் போனது. யாரோ பாவம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

அவருடைய பாரத்தைத் தாங்கித் தாங்கி என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அவர் பார்த்துவிட்டு "பனிக்கட்டி வையும்" என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பீல் நம்பர். ஆறாம் தரம். மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போது வந்தது, எடுத்துவிட்டேன்.

கெர்பர்தான். "உங்களுக்குப் பதிலாக எடுத்த பெண் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். செப்டம்பர் இரண்டாம் திகதி தொடங்க வேண்டும். தாதியர் விடுதியில் ஒரு அறையும் இருக்கிறது. பதினைந்தாம் திகதி வரைக்கும் உங்களுக்காக வைத்திருப்பேன், அதற்குமேல் முடியாது."

"என் கணவர் விழுந்துவிட்டார்" என்றேன். "நடக்க முடியாது."

"ஐயோ" என்றார். பிறகு, "அவரைப் பார்க்க வேறு யாரும் இல்லையா?"

தேவகி மச்சாள் ஓய்வுபெற்றவர். பாசலில் தனியே இருக்கிறார். இதை நான் கெர்பருக்குச் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

கடைக்காரி என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நிமலுக்கு மனம் சரியில்லை. ஒரு கிழமையாகவே அப்படித்தான். காலுறையைத் தானே போட வேண்டும் என்று அரை மணித்தியாலம் போராடுகிறார். நான் குனிந்தால் "விடும், நான் போடுறன்" என்கிறார். நேற்றிலிருந்து ஊன்றுகோல் பிடிக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார், அதிலிருந்து கூடத்தில் நடந்தபடியே இருக்கிறார். வியர்த்து ஊற்றுகிறது. நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை.

என்னைப் பார்த்தபடி இருக்கிறார். திரும்பினால் கண்ணை எடுத்துவிடுகிறார்.

ஒரு ஆறுதல், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இப்போது கேட்பதே இல்லை. இந்தக் கொப்பியை வாசிக்கச் சொல்லி எத்தனை நாளாகிறது. மறந்துவிட்டார் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்மா வவுனியாவிலிருந்து கதைத்தார். "அவரை வடிவாப் பார் பிள்ளை. ஆம்பிளை விழுந்து கிடக்கேக்கதான் பொம்பிளையின்ர குணம் தெரியும்." கோயிலில் எல்லாரும் என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்களாம். தூனிலிருந்து வவுனியாவுக்கு என் நல்ல பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இனி எப்படித் திருப்பிக் கூப்பிடுவது?

ஆகஸ்ட் 14, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. அவர் பல்கனிக் கதவருகில் நாற்காலியில் இருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"நான் உங்களுக்கு வாசிச்சது பொய்."

அவர் திரும்பவில்லை.

"மழையைப் பற்றி நாங்கள் கதைக்கேல்லை. நான் உங்களுக்குப் பின்னால வரவும் இல்லை. கூண்டுக்குள்ள உங்களுக்கு நான்..."

"போறன் எண்டு சொன்னனீர்" என்றார் நிமல்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"போய்வாறதைப் பற்றி இல்லை, போறதைப் பற்றி. அப்பிடித்தான் சொன்னனீர்."

"எப்ப ஞாபகம் வந்தது?"

"ஒண்டாம் திகதி. நீர் எனக்குத் தலை துடைச்சுக்கொண்டு நிண்டனீர். கூண்டு நிண்டது முதல்ல வந்தது. பிறகு எல்லாம் வந்தது."

ஒண்டாம் திகதி. பதின்மூன்று நாள். பதின்மூன்று நாள் நான் அவரைத் தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், மலசலகூடக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

"ஏன் சொல்லேல்லை?" சத்தம் போட்டேன். எட்டு வருடத்தில் அந்த வீட்டில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தரம். "நான் ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டு இருந்தனான். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் பார்த்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

"ஆர் என்னைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போறது?" என்றார். முகம் சிவந்துபோனது. "எழும்பி நடக்கிற மட்டும் பொறுப்பம் எண்டு நினைச்சன். பிறகு... நீர் இப்பிடியே இருந்திடுவீர் எண்டும் நினைச்சன். நான் நல்லாக் கதைச்சால் இருந்திடுவீர் எண்டு."

'தாரும்', 'நல்லா இருக்கு' எல்லாம் நினைவு வருவதற்கு முன்பே தொடங்கியவை. அதனால் அவற்றில் எது நடிப்பு, எது இல்லை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவருக்கும் முடியுமோ தெரியாது.

"நீரும் அஞ்சு கிழமை சொல்லேல்லைத்தானே" என்றார்.

உண்மைதான். நான் கதிரையை இழுத்து இருந்தேன். பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஒரு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்தது.

"நான் சொன்னதாலயோ விழுந்தனீங்கள்?"

அவர் யோசித்தார். அவசரப்படவில்லை. என்னைச் சுகப்படுத்தவோ நோகப்பண்ணவோ அவர் அதைச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

"அந்தப் பாதைக்குக் கோவத்திலதான் போனனான். அது உம்மாலதான். ஆனா அந்தத் தாவலுக்குக் கிட்ட வரேக்க உம்மை நான் நினைக்கேல்லை. பள்ளத்தைப் பார்த்தன். பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடிச்சிட்டன். அவ்வளவுதான். முன் பிரேக்கைப் பிடிச்சவன் விழத்தான் செய்வான்."

"நான் கூப்பிட்டிருந்தால் நிண்டிருப்பீங்களோ?"

"இல்லை" என்றார். பிறகு, "தெரியேல்லை."

வெங்காயம் அரைவாசியில் கிடந்தது. நான் எழும்பி அதை உரித்து முடித்தேன். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு குசினி வரைக்கும் வந்தார். வாசலில் நின்றார்.

"பிள்ளை எண்டு அந்த மனிசியிட்டச் சொன்னது... அது பிழை" என்றார். "வேற என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கெர்பருக்குப் போன் பண்ணி வருகிறேன் என்றேன். நிமல் அடுத்த அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. இந்த முறை ஒருவரும் என் பெயரில் கதைக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நான் போவதைத் தேவகி மச்சாளுக்கு நிமலே சொன்னார். போனில் மச்சாள் அழுவது எனக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 31, சனி

மச்சாள் இரண்டு பெட்டிகளோடு வந்தார். எனக்கு முகம் தரவில்லை. ஊசி எப்போது, மருந்து எது, பயிற்சி எந்த நாட்களில் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார். என் பெட்டியைக் கண்டதும்தான் வெடித்தார்.

"கட்டிலில கிடக்கிறவனை விட்டிட்டுப் போறீரே, உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ? உம்மைக் கடவுள் தந்த பிள்ளை எண்டு நான் ஊரெல்லாம் சொன்னனான்!"

"அக்கா" என்றார் நிமல். "நான் கட்டிலில இல்லை. நிண்டுகொண்டு இருக்கிறன்."

உண்மையில் நின்றுகொண்டுதான் இருந்தார். நேற்றுத்தான் இரண்டு காலையும் ஊன்றலாம் என்று மருத்துவர் சொன்னார். மச்சாள் வாயை மூடினார். பிறகு குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார்.

நிமல் லிஃப்ட் வரைக்கும் வந்தார். ஒரு அடி, நிற்பது, ஒரு அடி. சைக்கிளை எப்போது எடுக்கிறீர் என்று கேட்டார். அறையில் இடமில்லை என்றேன். விவாகரத்துப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. கதைக்க வேண்டி வரும். அவர் கையை நீட்டினார், வெள்ளைக்காரரைப்போல. நான் பிடித்தேன். உள்ளங்கையில் ஊன்றுகோலின் காய்ப்பு இருந்தது.

ரயிலில் பேர்ன் தாண்டும் வரைக்கும் அழுதேன். எதிரே இருந்த பெண் ஒரு பைக்கற் டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

முதல் நாள். ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. எனக்கு மூன்று பேரைத் தந்தார்கள். அதில் ஒருவர் பழைய கடிகாரத் தொழிற்சாலை முகாமையாளர், எண்பத்தொன்பது வயது. உடம்பு துடைத்துவிடும்போது தண்ணீர் சூடு காணாது என்று திட்டினார். முதுகுக்குக் கிறீம் பூசினேன். காலுறை போட்டேன். சரித்துப் பிடித்து எழுப்பினேன். இதெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கூட நின்ற தாதி கேட்டார். வீட்டில் என்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மணிக்கட்டு நோவு தாங்க முடியவில்லை. இதற்காகவா விட்டுவிட்டு வந்தாய் என்று மச்சாளின் குரலில் எனக்குள்ளேயே ஒன்று கேட்டது. அதே வேலைதானே, அதே வாளி, அதே துவாய்.

மூன்றரைக்கு மாற்று ஆள் வந்தாள். பெயர் மறந்துவிட்டேன், நாளைக்குக் கேட்க வேண்டும். "போகலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. கையில் ஈரத் துவாயோடு நின்றேன். அவள் சிரித்துவிட்டுத் துவாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உங்கள் நேரம் முடிந்துவிட்டது. போங்கள்."

நான் உடுப்பை மாற்றிக்கொண்டு வெளியே போனேன்.